லாஃப்ட்டு எங்களுதுங்க

என் வீட்டின் நடுக்கூடத்தில் ஓர் இரும்பு ஏணி நிற்கிறது. நடுக்கூடம் என்று சொல்வதுகூடச் சரியில்லை, வீடே ஒரே கூடம்தான். படுக்கையும் அங்கே, அடுப்பும் அங்கே, எழுதும் மேசையும் அங்கே, எல்லாவற்றுக்கும் நடுவில், காலை விரித்துக்கொண்டு, பச்சைப் பெயின்ட் உரிந்த இந்த நெட்டை மடக்கு ஏணி. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். "பெயின்ட் வேலை நடக்குதா?" என்று கேட்கிறார்கள். ஃபேஷன் படித்த ஒருத்தி, "செம ஸ்டைலா இருக்கே, எங்க வாங்கின?" என்று அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போனாள். நான் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பழைய எரிச்சல் எல்லாம் மறுபடி கிளம்பிவிடும். ஏணி என்னுடையது அல்ல, வீட்டுக்காரருடையது. வீட்டுக்காரர் என்றால் வீட்டின் சொந்தக்காரர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "வீட்டுக்காரர் உள்ளே இருக்கார்" என்று ஒருமுறை கூரியர்காரரிடம் சொல்லிவிட்டு, அதற்காகத் தெருவில் பல நாள் பதில் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். படிப்பு முடிந்ததும் திருப்பூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். லைன் வீடு. முன்னறையில் எனக்குப் பாய். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், அண்ணி தண்ணீர் பிடிக்கப் போனாலும் என்னைத் தாண்டித்தான், விருந்தாளி வந்தால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பிறகு லேடீஸ் ஹாஸ்டல். அங்கே ஓர் அறைக்கு நான்கு பேர், தாழ்ப்பாள் போட்டால் வார்டனுக்குப் பிடிக்காது. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் அந்த வேலை. பகலெல்லாம் திட்டு வாங்கிவிட்டு வருகிறவளுக்கு ஒரு கதவு வேண்டும். நான் உள்ளே இருக்கும்போது நான் திறந்தால் மட்டும் திறக்கிற கதவு. இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. இதைக் கேட்டு எத்தனையோ வீட்டுப் படி ஏறினேன். "தனியாவா இருப்பீங்க? கல்யாணம் ஆகலீங்களா? அப்ப ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். ஊட்டில் கேட்டு ஒருவரும் சொன்னதில்லை.

அப்போதுதான் இந்தத் தெருவில் அந்தப் போர்டைப் பார்த்தேன். முன்பு தெரு முழுக்கத் தையல் சத்தம்தான் இருந்ததாம். கம்பெனிகள் ஊருக்கு வெளியே பெரிய இடங்களுக்குப் போய்விட, அந்தக் கட்டடங்களில் காபிக் கடை, உடற்பயிற்சிக் கூடம், கேக் கடை என்று வந்து உட்கார்ந்துவிட்டன. சாயங்காலமானால் எங்களைப் போன்ற மெர்ச்சண்டைசர்களும் டிசைனர்களும் இங்கேதான் திரிவோம். அந்தத் தெருவில், கீழே காபிக் கடையும் மேலே பழைய பனியன் கம்பெனி ஹாலும் இருந்த ஒரு கட்டடத்தில், "லாஃப்ட் வீடு வாடகைக்கு" என்று எழுதித் தொங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன், பழைய ஆலைகளை வீடாக்கியிருப்பார்கள், உயரமான கூரை, பூசாத செங்கல் சுவர், பெரிய பெரிய ஜன்னல். திருப்பூரிலேயே லாஃப்ட் வந்துவிட்டதா என்று ஓடினேன்.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தின் பின்கட்டில் தனியாக இருந்தார். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன், காதில் சின்னக் கடுக்கன். மேலே இருந்த கம்பெனியை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தி மூடியவர். அவர் மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகனோடு மெல்போர்ன் போயிருந்தார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். "என்னுங்க அம்மிணி, மளிகைக் கடைக்கு வந்தவங்களாட்டக் கூப்புடறீங்க" என்றார். அன்றிலிருந்து "ஐயா" ஆனார். கல்யாணம் ஆனதா என்று கேட்கவில்லை, என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை, கறி மீன் ஆக்குவீர்களா என்று கேட்கவில்லை. "ஒழுகாதுங்க, லாஃப்ட்டு நல்லாப் போட்டிருக்குது, வந்துருங்க" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோனேன். லாஃப்ட்டுக்குக் கீழே என்ன நடந்தாலும் அவருக்கு அக்கறையே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து, லாஃப்ட்டில் குடிபோகிறேன் என்றேன். ஊரில் லாஃப்ட் என்றால் அடுப்படியில் தலைக்கு மேல் சிமென்ட் பலகை போட்டுப் பழைய பாத்திரம் அடுக்குகிற இடம்.  "ஏ பிள்ள, லாஃப்ட்டுல எப்படி நிமிந்து நிப்ப?" என்றாள் அம்மா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

குடிவந்த அன்று நிதானமாக அண்ணாந்து பார்த்தேன். கூரை உயரம்தான், ஜன்னல் பெரிசுதான். ஆனால் நான்கு சுவரிலும், ஒரு மூலை விடாமல், சிமென்ட் பலகை. சுற்றிலும் லாஃப்ட். அதாவது அம்மா சொன்ன லாஃப்ட். அதன் மேல் அட்டைப் பெட்டிகள், பித்தளை அண்டாக்கள், நூல் கோன்கள், ஓடாத தையல் மெஷின் தலைகள், ஒரு கிரைண்டர், மேளம் போல எதுவோ ஒன்று. இதையெல்லாம் எப்போது எடுப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. நான் பூட்டிய கதவு, அவரிடம் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. பச்சை ஏணி முதலில் வந்தது, பின்னால் அவர். "ஒண்ணுமில்லீங்க அம்மிணி, ஒரு சாமான் எடுக்கோணும்" என்று ஏறினார், ஒரு சுத்தியலை எடுத்தார், இறங்கினார், போனார்.

மறுநாள் சுத்தியலைத் திரும்ப வைக்க வந்தார். அதற்கடுத்து ஒரு சல்லடை. பிறகு சல்லடை வேண்டாம் என்று வேறொரு சல்லடை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வருவார், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தால் வருவார், ஞாயிற்றுக்கிழமை காலை போர்த்திக்கொண்டு கிடந்தால் கட்டிலை ஒட்டி ஏணி வந்து நிற்கும். தப்பான பார்வை என்று ஒரு சொல் அவரைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. அண்ணாந்தே வருவார், அண்ணாந்தே போவார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி குடியிருக்கிறாள், அவளைத் தாண்டித்தான் போகிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இராது. அண்ணன் வீட்டு முன்னறையிலிருந்து தப்பித்து, வாடகை கொடுத்து இன்னொரு முன்னறைக்கு வந்திருக்கிறேனே என்று நினைத்தால் அழுகையாக வந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன், நீங்கள் பாட்டுக்கு இப்படி வரலாமா என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஊடு உங்களுதுங்க, லாஃப்ட்டு எங்களுதுங்க" என்றார். எந்த ஊரிலும் வீட்டுக்காரர் தன் சாமானை லாஃப்ட்டில் வைத்துக்கொள்வதுதானே வழக்கம் என்பது அவர் கட்சி. லாஃப்ட்டுக்கு வேறு வழி இல்லாததால் என் வீட்டின் வழியாக வருகிறார், அவ்வளவுதான். என்னைச் சமாதானப்படுத்த ஒரு பெட்டியைத் திறந்து, பையர் திருப்பி அனுப்பிய டீ-சர்ட்டுகளில் சிவப்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "சாயம் போகாதுங்க" என்றார். அதை என் வெள்ளைச் சுடிதாரோடு ஊறப்போட்டேன். அந்தச் சுடிதார் இன்றைக்கும் ரோஸ் கலரில் என்னிடம் இருக்கிறது.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று பொங்கலுக்கு அவர் மகன் வந்தபோதுதான் வெளியாயிற்று. மகன் மேலே வந்து ஹாலின் நடுவில் நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நான்கு சுவரையும் பார்த்தார். "அப்பா, இதென்னுங்கப்பா?" என்றார். "நீ சொன்ன லாஃப்ட்டுத்தான் கண்ணு. மேஸ்திரி ஒரு பக்கம் போதுமுன்னான். நாந்தான் சுத்தியும் போடச் சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர், அவ்வளவு பெருமையோடு. மகன் மெல்போர்னில் இருந்து போனில் சொன்னது இவ்வளவுதான்: கம்பெனி ஹாலை லாஃப்ட்டாக மாற்றிவிடுங்கள், நல்ல ஆட்கள் வருவார்கள். அப்பா மாற்றிவிட்டார். மகன் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் மகனையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை, தப்பு என்று மட்டும் புரிந்துவிட்டது. காதெல்லாம் சிவந்துபோயிற்று.

சிரித்து முடித்த மகன், அத்தனையையும் இடித்துவிட்டு ஒழுங்காகக் கட்டுவோம், இவர்களுக்கு வேறு வீடு பார்க்கச் சொல்லிவிடுங்கள் என்றார். இவர்கள் என்றால் நான். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி வீடு தேட வேண்டும், மறுபடி "ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க" என்பதைக் கேட்க வேண்டும் என்று நினைத்ததும் குறுக்கே புகுந்தேன். "இடிக்க வேண்டாங்க, லாஃப்ட் எல்லாம் ரொம்ப வசதியா இருக்கு" என்றேன். நான் தினமும் கறுவிய பலகைகளுக்கு நானே வக்காலத்து வாங்கினேன். பெரியவர் முகம் தெளிந்தது. "பாத்தயா கண்ணு, குடியிருக்கறவங்களே சொல்றாங்க" என்றார். மகன் விமானம் ஏறிய வாரமே, அம்மிணிக்குத்தான் லாஃப்ட் பிடித்திருக்கிறதே என்று, பின்கட்டில் இருந்த சாமான்களில் பாதியைக் கொண்டுவந்து மேலே ஏற்றிவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயம் முற்றியது ஒரு வீடியோ காலில். அன்று வீட்டிலிருந்து வேலை. பையர் பக்கத்துப் பெண்மணி, எங்கள் எம்.டி., நான் மூவரும் சாம்பிள் கலர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வேலையில் எனக்கு அது முக்கியமான நாள். முதல்முறையாக அந்த ஆர்டரை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். திடீரென்று அந்தப் பெண்மணி, உனக்குப் பின்னால் ஒருவர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறாரே, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். நான் திரும்பவே இல்லை. திரும்பாமலே தெரியும். என் தலைக்கு மேலாக ஒரு வேட்டி ஏறிப் போய்க்கொண்டிருக்கும். சொல்லி வைத்தாற்போல மேலேயிருந்து ஓர் அண்டா மூடி உருண்டு விழுந்து, என் மேசையைச் சுற்றி ஓடி, நின்று ஆடி அடங்கியது. "ஒண்ணுமில்லீங்க, நீங்க பேசுங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. பையர் சிரித்தாள். எம்.டி. சிரிக்கவில்லை. இனி ஆபீசிலிருந்தே பேசுங்கள், வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்றார். அந்த ஆர்டரையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

லேப்டாப்பை மூடிவிட்டு, ஏணியின் கீழே நின்று கையை நீட்டினேன். "ஐயா, அந்த ரெண்டாவது சாவியக் குடுத்துருங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் மேலேயே நின்றார். "சாவி கேக்கறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "என்ற ஊட்டுச் சாவீங்க அது" என்றார். இல்லை, என் வீட்டுச் சாவி என்றேன். இறங்கி வந்து, இடுப்பில் இருந்து சாவியை அவிழ்த்து, என் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஹார்டுவேர் கடையில் ஒரு பெரிய தாழ்ப்பாள் வாங்கி உள்பக்கம் அடிக்கச் சொன்னேன். அதன்பிறகு அவர் வரவில்லை. படியில் பார்த்தால் ஒதுங்கி நிற்பார். பாவம் என்று நினைத்தாயா என்று கேட்டால், இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேண்டும் என்றே நடுக்கூடத்தில் பாயை விரித்து, குறுக்காகப் படுத்துக்கொண்டு, தாண்ட ஆளில்லாத சுகத்தை அனுபவித்தேன்.

மழைக்காலம் வந்ததும் என் தாழ்ப்பாள் என்னைப் பழிவாங்கியது. கதவு மரம் ஊறிப் பருத்து, ஒரு காலை தாழ்ப்பாள் அசையவே இல்லை. இழுத்தேன், உதைத்தேன், எண்ணெய் விட்டேன். கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் நாள் வேறு, பத்து மணிக்குள் நான் அங்கே நின்றாக வேண்டும். என் தாழ்ப்பாள், என் இரண்டு சாவி, என் வீடு, நான் மட்டும் உள்ளே. வேறு வழியில்லாமல் அவருக்குப் போன் செய்தேன். சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும்கூட மேலே லாஃப்ட்டில்தான் இருக்கின்றன, ஏணி அவரிடம் இருக்கிறது. "இருங்க அம்மிணி, வர்றனுங்க" என்றார்.

முன்பு துணி பண்டல்களை ஏற்றி இறக்க விட்டிருந்த பெரிய திறப்பில்தான் இப்போது கம்பியில்லாத கண்ணாடி ஜன்னல். அதற்கு நேர் கீழே பழைய லோடு மேடை. அதன்மேல் ஏணியை நேராக நீட்டிச் சாத்தி, காபிக் கடைக்காரர்கள் இருவர் பிடித்துக்கொள்ள, அவர் ஏறினார். ஜன்னலில் முதலில் நரைத்த தலை தெரிந்தது, பிறகு கடுக்கன், பிறகு தோள். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. காலை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏணியிலேயே நின்று, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, "அம்மிணி, உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

 அண்ணன் வீட்டிலும் ஹாஸ்டலிலும் இங்கேயும் சேர்த்து, என்னை யாரும் கேட்டிராத கேள்வி. "கொஞ்சம் இருங்க" என்றேன். கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன். கட்டில்மேல் இருந்த காபி டம்ளரைக் கழுவி வைத்தேன். முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்ஷன் போனால் போகட்டும் என்று இருந்தது. அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, தூறலில் நனைந்தபடி ஏணியில் நின்றார். கீழே போகிற யாரோ, "ஏனுங்க, அங்க நின்னு என்ன பண்றீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. "உள்ள வரலாங்களான்னு கேட்டிருக்கறனுங்க. சொல்றேன்னாங்க" என்றார் அவர். அந்தப் பதிலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நான் ஜன்னலருகே போய், "வாங்க ஐயா" என்றேன்.

வந்தார். ஏணியை உள்ளே இழுத்து லாஃப்ட்டில் சாத்தினார். ஏறுவதற்கு முன் ஒரு கம்பியில் கையை வைத்து, "லாஃப்ட்டுல ஏறிக்கட்டுங்களா?" என்று மறுபடி கேட்டார். சுத்தியலை எடுத்துவந்து தாழ்ப்பாளைக் கழற்றி, கதவை இழைத்து, வேறிடத்தில் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வருவார். கதவுக்கு வெளியே நின்று கேட்பார். நான் இப்போது வேண்டாம் என்றால் போய்விட்டு மறுநாள் வருவார். சல்லடை விஷயத்தில் மட்டும் மனிதர் மாறவே இல்லை.

போன வருஷம் மகன் வந்து அவரையும் மெல்போர்னுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளம்புகிற அன்று கதவைத் தட்டி, கேட்டு, இந்த ஏணியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். "கீழ கெடந்தாத் துருப்புடிச்சுருமுங்க" என்றார். ஓரமாக வைக்கலாமே என்றதற்கு, எல்லாப் பக்கமும் எட்ட வேண்டுமென்றால் நடுவில்தான் நிற்க வேண்டும் என்றார். அது எதற்கு என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "அம்மிணி, வரலாங்களா?" சரி என்று பதில் போட்டால் வீடியோ காலில் வருகிறார். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, ஒவ்வொரு பலகையாகக் காட்ட வேண்டும். "அக்கட்டால திருப்புங்க. அந்த மெஷினு மேல என்னுங்க, தூசியா? ஒரு துணி எடுத்துத் தொடைச்சு உடுங்க." அவர் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சண்டை போட்டவள் நான். இப்போது அவர் வருவதற்காக நான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒட்டடையில் தலையைக் கொடுக்கிறேன். அம்மா சொன்னது சரிதான், லாஃப்ட்டு உயரத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. கூரை இடிக்கிறது.

போன ஞாயிறு அப்படித்தான் மேலே குனிந்து நின்றுகொண்டிருந்தேன். பொழுது போகிறதா, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்தேன். "இதுதானுங்க அம்மிணி நெசமான லாஃப்ட்டு. மகன் அப்பச் சொன்னது இதைத்தானாமா" என்று போனைத் திருப்பிக் காட்டினார். உயரமான கூரை, செங்கல் சுவர், பெரிய ஜன்னல். நான் பத்திரிகையில் பார்த்து ஏங்கிய அதே வீடு. சுவரே இல்லாத அந்த ஒரே ஹாலின் ஓரத்தில், மாடிப்படிக்குக் கீழே, அவருடைய கட்டில். அவர் மனைவிக்கு மாடியில் பேத்தியோடு இடமாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் ஒருமுறை குறுக்கே போனார், பேத்தி சைக்கிளில் இரண்டு முறை போனாள். யாரும் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கால்களை மடக்கிக்கொண்டு வழிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் நம்மளத் தாண்டித்தானுங்க போகோணும். ஆரும் கேக்கறதில்லீங்க" என்றார்.

 இப்போது புரிகிறதா என்று கேட்கிற ஆத்திரம் ஒரு கணம் வந்தது, வந்தபடியே போய்விட்டது. ஏணியின் உச்சியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். "நீங்க இங்க வந்துருங்க ஐயா, பின்கட்டு சும்மாதான் பூட்டிக் கெடக்கு" என்றேன். அவர் மடக்கிய கால்களை மெல்ல நீட்டிக்கொண்டார். "மேலயும் வாங்க. ஆனா கேட்டுட்டு வாங்க" என்றேன்.

"கேட்டுட்டுத்தானுங்க வருவேன்" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, "அந்தக் கெழக்கு மூலையில ரெண்டு சல்லடை இருக்கோணுமே, ஒண்ணுதானுங்க தெரியுது. கொஞ்சம் பாருங்க அம்மிணி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏணியைக் கிழக்கு மூலைக்கு நகர்த்துவதற்காக இறங்கினேன்.